ஒலிபரப்பில் பழகிய கை: திருநெல்வேலிச் சீமையும் வானொலி எழுத்தாளர்களும்

மீ. ப. சோமுவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் எழுதுகிறார்கள். முதலில் சிறுகதை, நாவல். அப்புறம் கல்கி பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பு. அப்புறம் சாகித்திய அகாதமி விருது. எல்லாம் சொல்லி முடித்தபின், அகில இந்திய வானொலியில் பணியாற்றினார் என்று ஒரு வரி. வாழ்க்கையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட வேலை அந்த ஒரு வரியோடு முடிந்துபோகிறது.

இது சோமுவுக்கு மட்டும் நடந்ததில்லை. வானொலியில் இருந்துகொண்டு எழுதியவர்கள் எல்லோருக்குமே இதுதான் நடக்கிறது. அலுவலகம் சோறு போட்டது, எழுத்து பேர் வாங்கித் தந்தது என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வானொலிக்காரருக்கு அந்த இரண்டும் ஒரே வேலை. மைக்குக்கு எழுதிப் பழகிய கைதான் புத்தகத்தையும் எழுதியது. திருநெல்வேலிச் சீமையை வைத்தே இதைப் பார்க்கலாம்.

சோமு 1921ல் திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் பிறந்தவர். கல்கி 1954 டிசம்பரில் காலமானபின் அந்தப் பத்திரிகையைச் சில காலம் ஆசிரியராக நடத்தினார். 1962ல் 'அக்கரைச் சீமையிலே' என்ற பயண நூலுக்கு சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. கதையும் கவிதையும் எழுதிய ஒருவருக்கு விருது வாங்கித் தந்தது பயண நூல். பார்த்ததை எதிரில் இருப்பவரிடம் சொல்வதுபோல் சொல்வது வானொலிப் பேச்சின் அடிப்படைக் குணம். பயண நூலுக்கும் அதே குணம்தான் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்த விருதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

எழுத்தாளர்கள் இப்படி வானொலிக்குள் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1952 முதல் 1962 வரை மத்திய செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்தவர் பி. வி. கேஸ்கர். சினிமாப் பாட்டை வானொலியில் சுருக்கியவர் என்று இன்றைக்கும் அவரைக் குறை சொல்கிறார்கள். அது நியாயமான குறைதான். ஆனால் அதே மனிதர் காலத்தில்தான் இசைக்கும் பேச்சுக்கும் நாடகத்துக்கும் பேர்பெற்ற கலைஞர்களையும் எழுத்தாளர்களையும் தயாரிப்பாளர்களாக எடுக்கும் ஏற்பாடு வந்தது. பள்ளி ஆசிரியராக இருந்த தி. ஜானகிராமன் 1950களில் சென்னை வானொலியின் கல்வி ஒலிபரப்புக்கு வந்தார், பிற்பாடு டெல்லிக்குப் போனார். அகிலனும் சென்னை வானொலியில் இருந்தவர்தான். ஒரு காலகட்டத்துத் தமிழ் உரைநடையில் கணிசமான பகுதி, ஸ்டூடியோவின் சிவப்பு விளக்குக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் எழுதியது.

திருநெல்வேலிச் சீமையில் பிறந்த இன்னொருவர் பூர்ணம் விஸ்வநாதன். அவரை சினிமா நடிகராகவும் சுஜாதாவின் நாடகங்களை மேடையேற்றியவராகவும் எல்லோருக்கும் தெரியும். அதற்கெல்லாம் முன்னால் அவர் டெல்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். நாடு விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் வாசித்தவர் என்று அவரைத்தான் சொல்வார்கள். அவருடைய நடிப்பைக் கவனித்தால் ஒன்று தெரியும். வசனத்தின் கடைசிச் சொல்லை அவர் விழுங்கவே மாட்டார். தமிழில் வினை கடைசியில்தான் வருகிறது. கடைசிச் சொல் தேய்ந்தால் நடந்ததா நடக்கவில்லையா என்பதே கேட்பவருக்குத் தெரியாது. செய்தி வாசித்தவரை விட்டு அந்தக் கவனம் கடைசிவரை போகாது.

இவர்களெல்லாம் ஊரைவிட்டுப் போய் வானொலிக்காரர் ஆனவர்கள். வானொலி இந்த ஊருக்கு வந்தது பிறகுதான். சென்னை நிலையம் 1938லும் திருச்சி நிலையம் 1939லும் தொடங்கின. திருநெல்வேலி நிலையம் 1963 டிசம்பர் 1 அன்று பாளையங்கோட்டையில் தொடங்கியது. நடுவில் ஏறக்குறைய கால் நூற்றாண்டு, இந்தச் சீமைக்காரர்கள் திருச்சியைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. பகலில் அது சரியாக எட்டாது. எட்டியது இலங்கை வானொலி. மத்திய அலை நிலத்தில் போகப் போகத் தேயும், உப்புக் கடலுக்கு மேலே அவ்வளவாகத் தேயாது. மன்னார் வளைகுடாவைத் தாண்டி கொழும்பின் குரல் தூத்துக்குடியிலும் திருச்செந்தூரிலும் உள்ளூர் நிலையம்போலக் கேட்டதற்கு அதுதான் காரணம். கேஸ்கர் சினிமாப் பாட்டைச் சுருக்கிய காலத்தில் இங்கே யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினால் இலங்கை.

அதனால் பாளையங்கோட்டை நிலையத்துக்குத் தொடக்கத்திலேயே ஒரு சவால் காத்திருந்தது. மயில்வாகனன், பிறகு கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று கடலுக்கு அப்பாலிருந்து வந்த குரல்களுக்குக் காது பழகியிருந்த ஊர் இது. பாட்டுப் போட்டு அவர்களை ஜெயிக்க முடியாது. கொழும்பால் தர முடியாத ஒன்றைத் தர வேண்டும். பாபநாசம் அணையில் எத்தனை அடி தண்ணீர், கார் பட்ட நெல்லுக்கு எப்போது திறப்பார்கள், பிசானப் பட்டத்தில் நாற்றுக்கு என்ன நோய், தென்காசி சந்தையில் என்ன விலை, இவையெல்லாம் கொழும்பு சொல்லாது. உள்ளூர்ச் சங்கதிதான் திருநெல்வேலி நிலையத்தின் பலமாக இருந்தது.

விவசாய ஒலிபரப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தஞ்சாவூர் ஓர் உதாரணம். 1966ல் வானொலியில் விவசாயிகளுக்கென்றே நிகழ்ச்சி தயாரிக்கும் பண்ணை இல்லப் பிரிவுகள் தொடங்கின. திருச்சி அவற்றில் ஒன்று. ஆடுதுறை 27 என்ற நெல்லைப் பற்றி டெல்டா விவசாயிகள் அதிகமும் வானொலி வழியாகவே தெரிந்துகொண்டார்கள். அந்த நெல்லுக்கே ரேடியோ நெல் என்று பேராகிவிட்டது. இங்கே தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. 1986ல் அங்கிருந்து வந்த அம்பை 16 இன்றும் வயலில் நிற்கிறது. ஆராய்ச்சி நிலையத்துக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு குரல் தேவைப்பட்டது. வானொலியின் விவசாயப் பிரிவுக்காரர் பார்த்த வேலை அதுதான்.

அந்த வேலைக்குத் திருநெல்வேலிக்கு வந்தவர்களில் ஒருவர் தென்கச்சி கோ. சுவாமிநாதன். இந்த ஊர்க்காரர் இல்லை. சொந்த ஊர் அரியலூர்ப் பக்கம் தென்கச்சிப் பெருமாள்நத்தம். வேளாண்மை படித்தவர். 1970களின் பிற்பகுதியில் திருநெல்வேலி வானொலியின் விவசாய நிகழ்ச்சிகளுக்கு வந்து, சில ஆண்டுகள் இங்கே இருந்துவிட்டுச் சென்னைக்கு மாற்றலானார். சென்னையில் அவர் பேசிய 'இன்று ஒரு தகவல்' என்ற காலைப் பேச்சு தமிழ்நாடு முழுக்க அவரை வீட்டு மனிதராக்கியது. பேசியவை தொகுதி தொகுதியாகப் புத்தகங்களாக வந்தன. 2009ல் மறைந்தார்.

அவருடைய சென்னைப் புகழை எல்லோரும் பேசுகிறார்கள். நான் பேச விரும்புவது பாளையங்கோட்டை ஆண்டுகளை. விவசாய நிகழ்ச்சி என்பது வானொலியில் இருப்பதிலேயே கடினமான எழுத்து. விஷயம் முழுக்க அளவும் பேருமாக இருக்கும்: ஏக்கருக்கு எத்தனை கிலோ, எத்தனையாவது நாள் மேலுரம், எந்த மருந்து எத்தனை மில்லி. கேட்பவர் குறிப்பெடுக்க மாட்டார். கையில் மண்வெட்டியோ டீக் கிளாஸோ இருக்கும். விட்டுப்போனதைத் திரும்பப் பார்க்கப் பக்கமும் கிடையாது. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும். அதை உரையாடலுக்குள் வைத்து, "அண்ணாச்சி, அப்போ மேலுரம் இப்பப் போடலாமா, பொறுக்கணுமா?" என்று ஒருத்தர் கேட்டு இன்னொருத்தர் பதில் சொல்வதாக இரண்டாம் முறையும் வர வைக்க வேண்டும். சொல்கிறவர் அதிகாரி மாதிரிப் பேசினால் ரேடியோ அணைந்துவிடும்.

பிற்காலத்தில் தென்கச்சியாரின் பேச்சைக் கேட்டவர்களுக்கு அதன் அமைப்பு தெரியும். அவசரமில்லாத, ஏற்ற இறக்கம் குறைந்த குரல். ஒரு தகவல். அதை ஒட்டி ஒரு சின்னச் சம்பவம். கடைசியில் சிரிப்பு வருகிற ஒரு முடிச்சு. சொல்கிறவர் சிரிக்க மாட்டார். விவசாயிக்கு மேலுரத்தைச் சொல்லிப் பழகியவரின் கட்டுமானம் அதில் அப்படியே இருக்கிறது: ஒரே விஷயம், ஒரு மனிதர், நினைவில் நிற்க ஒரு கொக்கி.

இந்தக் கைப்பழக்கம் எப்படி வருகிறது என்பதை ஒரு சின்ன வேலையை வைத்துக் காட்டலாம். கீழே உள்ளதை நானே உதாரணத்துக்காக எழுதினேன். பத்திரிகைக்கு எழுதினால் இப்படி வரும்:

மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் பெய்துவரும் தொடர் மழை காரணமாக, 143 அடி உயரம் கொண்ட பாபநாசம் அணையின் நீர்மட்டம் ஒரே நாளில் 6 அடி உயர்ந்து 120 அடியை எட்டியுள்ளதையடுத்து, கார் சாகுபடிக்கு உடனடியாகத் தண்ணீர் திறக்க வேண்டும் என்று விவசாயிகள் கோரிக்கை விடுத்துள்ளனர்.

கண்ணால் படிக்க இதில் சிக்கல் இல்லை. காதால் கேட்டால், கடைசியில் யார் என்ன கேட்டார்கள் என்று வரும்போது 143ம் 6ம் 120ம் குழம்பிப் போயிருக்கும். மைக்குக்கு இப்படி மாற்ற வேண்டும்:

பாபநாசம் அணைக்குத் தண்ணீர் வரத்து கூடியிருக்கிறது. இன்று காலை நீர்மட்டம் நூற்று இருபது அடி. நேற்றைக்கு இருந்ததைவிட ஆறு அடி அதிகம். மலையில் மழை தொடர்கிறது. கார் சாகுபடிக்கு உடனே தண்ணீர் திறக்க வேண்டும் என்று விவசாயிகள் கேட்டிருக்கிறார்கள்.

இரண்டாவதில் முழு உயரமான 143 அடி போய்விட்டது. பாபநாசத்து விவசாயிக்கு அது தெரியும், நேரமும் மிச்சம். எண்கள் எழுத்தில் வந்துவிட்டன, வாசிக்கிறவர் நாக்கு தடுமாறாமல் இருக்க. ஒவ்வொரு வாக்கியமும் ஒரு மூச்சில் முடிகிறது. இதைத் தினமும் பத்து இருபது தடவை, வருஷக் கணக்கில் செய்கிற ஒருவர் வீட்டுக்குப் போய்க் கதை எழுத உட்கார்ந்தால் நீட்டி முழக்க முடியுமா?

நேரக் கணக்கு இன்னொரு வாத்தியார். நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொல் போகும். ஐந்து நிமிடப் பேச்சு என்றால் 500 சொல். தினமும் அப்படி ஒன்று என்றால் வருஷத்துக்கு 1,80,000 சொல்லுக்கு மேல். நாவலாசிரியர் பலர் வாழ்நாளில் ஓரிரு தடவை எழுதும் அளவு அது. இவ்வளவையும் கடிகாரத்துக்கு முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். அரை நிமிடம் கூடினால் அடுத்த நிகழ்ச்சியின் நேரத்தில் கை வைத்ததாகும். குறைந்தால் அறிவிப்பாளர் இசைத்தட்டைத் தேட வேண்டும். எழுதிய தாளிலும் ஒழுங்கு உண்டு. ஒரு பக்கம்தான் எழுதுவார்கள். ஊசியும் கிளிப்பும் கழற்றிவிடுவார்கள். படித்த தாளைத் திருப்பாமல் சத்தமில்லாமல் ஒதுக்கி வைப்பார்கள். தாள் சரசரத்தால் மைக் அதையும் ஊருக்குச் சொல்லிவிடும். வாக்கியம் பக்கத்தின் அடியில் உடைந்து அடுத்த தாளுக்குப் போகக்கூடாது என்பது எழுதாத சட்டம். பத்தி எங்கே முடிய வேண்டும் என்பதைக் கற்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

கேட்டவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். பஞ்சாயத்து ரேடியோவின் குழாய் ஸ்பீக்கர் ஊர்ப் பொட்டலில் பாடிய காலம் ஒன்று. ரேடியோ வைத்திருக்க அஞ்சலகத்தில் லைசென்ஸ் கட்டிய காலமும் அதுவே. அப்புறம் டிரான்சிஸ்டர் வந்தது. முக்கூடல், மேலப்பாளையம், கடையம், ஆலங்குளம் பக்கம் வீட்டுத் திண்ணைகளில் பீடி சுற்றும் பெண்களுக்கு அது நாள் முழுக்கக் கூடவே இருந்தது. மடியில் தட்டு, ஒரு கை இலையைச் சுருட்ட, மறுகை தூளைத் தள்ளும். கண்ணும் கையும் வேலையில் இருக்கும், காது மட்டும்தான் சும்மா இருக்கும். படிக்க நேரமில்லாத அந்தப் பெண்களுக்கு நாவலையும் நாடகத்தையும் மருத்துவர் பேச்சையும் கொண்டுபோய்க் கொடுத்தது வானொலி. இந்தச் சீமையில் ஒரு எழுத்தாளருக்குக் கிடைத்த மிகப் பெரிய வாசகர் கூட்டம் புத்தகக் கடைக்கே வராத கூட்டம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர்கள் அஞ்சலட்டையும் போட்டார்கள். நன்றாக இருந்தது, புரியவில்லை, போன வாரம் சொன்ன விலாசத்தை மறுபடி சொல்லுங்கள் என்று வரும் அந்த அட்டைகள்தான் வானொலி எழுத்தாளருக்கு விமர்சனம்.

சரி, செய்தி. வானொலி வேலையில் இன்னொரு பாதை இது. கதையும் பேச்சும் எழுதுகிறவருக்கு இருக்கும் சுதந்திரம் செய்தியாளருக்குக் கிடையாது. நீண்ட காலம் தமிழ்ச் செய்தியின் பெரிய அறிக்கைகள் டெல்லியில் தயாராகி, காலை 7.15க்கு நாடு முழுக்கத் தமிழர் வீடுகளில் ஒலித்தன. சரோஜ் நாராயணசுவாமியின் குரலை அப்படித்தான் நாம் தெரிந்துகொண்டோம். மாவட்டத்தில் இருப்பவர் பகுதி நேரச் செய்தியாளர். அவர் அனுப்பும் ஐந்து வரி, மாநிலச் செய்தியில் ஒரு வரியாக வரலாம், வராமலும் போகலாம். பேர் வராது. பத்திரிகை நிருபரிடம் காட்டுவதற்கு வெட்டி ஒட்டிய நோட்டாவது இருக்கும். வானொலி நிருபரிடம் அதுவும் இருக்காது.

அது அரசு வானொலி என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 முதல் 1977 வரை, வானொலி அரசாங்கத்தின் குரலாகவே ஒலித்தது. அதற்குப் பிறகு அமைந்த வர்கீஸ் குழு தன்னாட்சி அமைப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த அமைப்புக்கான பிரசார் பாரதி சட்டம் 1990ல் வந்தது, நடைமுறைக்கு வர 1997 ஆனது. இந்த இருபது ஆண்டு இழுபறிக்குள் வேலை பார்த்தவர்கள், சொல்ல முடியாததை எப்படிச் சொல்லாமல் இருப்பது என்பதையும், சொல்லக் கிடைத்த இடத்தை எப்படி முழுசாகப் பயன்படுத்துவது என்பதையும் கற்றார்கள். சுகாதாரம், விவசாயம், பெண்கள் நிகழ்ச்சி, நாட்டுப்புறப் பாடல் என்று அரசியல் எட்டாத மூலைகளில் மிக நல்ல வேலை நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் இலக்கிய, கலை, அறிவியல் எழுத்துக்குத் தனியாக இடம் விட்டிருந்தன. செய்திப் பிரிவில் அடக்கி வைத்ததை வெளியே சிறுகதையில் எழுத அந்தச் சின்ன வாசல் போதுமானதாக இருந்தது.

இதில் எனக்கு வருத்தம் தருவது ஒன்று உண்டு. காலைப் பேச்சு புத்தகமாகிறது, ஏனென்றால் அதை வாங்க ஆள் இருக்கிறது. பயிர் நோயைப் பற்றிய உரையாடல் புத்தகமாகாது. அந்தப் பருவம் போனால் அதன் தேவை போய்விட்டதாக நினைக்கிறோம். ஒலிநாடா விலை கூடிய பொருள். பழையதை அழித்து அதன்மேல் புதியதைப் பதிவது நிலையங்களில் வழக்கமாக இருந்தது. ஒரு மாவட்டத்து விவசாயிகள் அரை நூற்றாண்டுக்கு முன்னால் எதைக் கேட்டார்கள், எந்த வழக்கில் பேசினார்கள், எந்த நெல்லுக்கு என்ன பேர் சொன்னார்கள் என்பதெல்லாம் அப்படித்தான் போயிருக்கிறது. மிஞ்சியிருப்பது ஓய்வு பெற்றவர்களின் அலமாரியில் இருக்கும் எழுத்துப் பிரதிகள். கல்லூரித் தமிழ்த் துறைகள் ஓலைச்சுவடிக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இந்தத் தாள்களுக்குக் காட்டினால் இப்போதும் நிறைய மீட்கலாம்.

அமைப்பும் இதற்குள் மாறிவிட்டது. 1984ல் நாகர்கோவிலில் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் வந்தது. தூத்துக்குடியில் இலங்கைவரை எட்டும் 200 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்புக் கருவி வந்தது. கடல் தாண்டி வந்த குரலுக்கு இந்தப் பக்கமிருந்து பதில் போக ஆரம்பித்தது. புத்தாயிரத்தில் தனியார் எஃப்.எம். வந்து பாட்டை எடுத்துக்கொண்டது. திருநெல்வேலி நிலையம் அதே 1197 கிலோஹெர்ட்ஸில் இருந்தது. கேட்கும் கருவிதான் மெல்லக் கைபேசிக்கு மாறியது.

பலர் கவனிக்காத ஒரு விஷயம், தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப இந்தியாவில் அனுமதி இல்லை. அரசு வானொலியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். சமுதாய வானொலிக்கும் அதே நிலைதான். தொலைக்காட்சியில் எத்தனையோ செய்திச் சேனல் இருக்கிற நாட்டில், வானொலிச் செய்தியாளர் ஆக விரும்புகிறவருக்கு ஒரே ஒரு வாசல். பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரியிலோ தூய யோவான் கல்லூரியிலோ படித்துவிட்டு நல்ல குரலும் நல்ல தமிழுமாக வெளியே வருகிற ஒரு பெண், எஃப்.எம்.மில் தொகுப்பாளர் ஆகலாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி ஊருக்குள் வந்து, செல்போன் சிக்னலும் மின்சாரமும் போன நாள் மாதிரி ஒரு நாள் வந்தால், ஸ்ரீவைகுண்டத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று தானே விசாரித்துச் செய்தியாக எழுதி வாசிக்க அந்த வேலையில் அவருக்கு அனுமதி கிடையாது. அதற்கு அவர் அரசு வானொலிக்குத்தான் வர வேண்டும். அங்கே பெரும்பாலும் கிடைப்பது தினக் கணக்கில் அழைக்கும் தற்காலிக அறிவிப்பாளர் பணியோ பகுதி நேரச் செய்தியாளர் பணியோதான். சோமுவுக்கும் தென்கச்சியாருக்கும் எழுதிப் பழகப் பல வருஷம் தந்தது நிரந்தர வேலை. இன்று உள்ளே வருகிறவருக்கு மாதத்தில் சில நாள்தான் மைக் கிடைக்கிறது.